நீர்த்துளி ஏறும் படிகள்

நிரல் எழுதத் தெரியாதவர்களும் கைப்பேசி விளையாட்டு ஒன்றை அமைக்கலாம் என்று இன்று பலரும் சொல்கிறார்கள். இது மெய்யா, வெறும் விளம்பரமா என்பதை ஆராய்ந்து, மெய்யானால் அதற்குரிய வழியையும் தோழியருக்கு எடுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நிரல் வரிகளை எழுதாமல் விளையாட்டு அமைக்கலாம். கணக்குப் போடாமல் அமைக்க முடியாது. எழுத்து வேலை குறைகிறதே தவிர, எண்ணிப் பார்க்கும் வேலை குறைவதில்லை. இதைப் பத்தாம் வகுப்புக் கணக்கையும் அறிவியலையும் கொண்டே விளக்கலாம்.

மேடை தாண்டும் விளையாட்டு

விளையாட்டுகள் பல வகை. அவற்றுள் மிக எளியதும், அனைவரும் அறிந்ததுமானது மேடைக்கு மேடை தாவிச் செல்லும் விளையாட்டு. ஆங்கிலத்தில் இதைப் பிளாட்பார்ம் கேம் என்பர். ஒரு பாத்திரம் ஓடும், குறுக்கே பள்ளமோ படியோ வரும், தாவ வேண்டும், தவறினால் விழும். இவ்வளவுதான் இதன் இலக்கணம்.

வைகுண்ட ஏகாதசி இரவில் பல வீடுகளில் ஆடப்படும் பரமபதமும் ஏறி இறங்கும் விளையாட்டுத்தான். ஆனால் அங்கே ஏணியில் ஏற்றுவதும் பாம்பின் வாயில் தள்ளுவதும் தாயக்கட்டை. ஆடுபவரின் திறமைக்கு அங்கு வேலை இல்லை. மேடை தாண்டும் விளையாட்டிலோ தாயக்கட்டை இல்லை. ஏறினாலும் விழுந்தாலும் அதற்குக் காரணம் ஆடுபவரின் விரலும், விளையாட்டை அமைத்தவர் வைத்த அளவுகளும் ஆகும். இந்த இரண்டாவது காரணத்தை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

இவ்வகை விளையாட்டை உலகப் புகழ் பெறச் செய்தது 1981-ஆம் ஆண்டு ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட ‘டான்கி காங்’. ஒரு பெரிய குரங்கு மேலிருந்து பீப்பாய்களை உருட்டிவிடும். இரும்புச் சாரங்களின் மீது ஏணி வழியாக ஏறிச் செல்லும் ஒரு தச்சன், அந்தப் பீப்பாய்களைத் தாண்டிக் குதித்து, உச்சியில் சிறைப்பட்டிருக்கும் பெண்ணை மீட்க வேண்டும். அந்தத் தச்சன்தான் பின்னர் ‘மாரியோ’ என்று பெயர் பெற்று, 1985-இல் வெளிவந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ மூலம் உலகெங்கும் அறிமுகமானான்.

இதில் நமக்கு வேண்டிய செய்தி ஒன்று உண்டு. டான்கி காங்கை வடிவமைத்த ஷிகெரு மியாமோட்டோ நிரல் எழுதும் பொறியாளர் அல்லர். தொழில் வடிவமைப்புப் பயின்ற ஓவியர். நிரலை வேறு சிலர் எழுதினர். எங்கே ஏணி, எங்கே பள்ளம், எப்போது பீப்பாய் என்று முடிவு செய்தவர் அவர். அன்றைய திரையில் புள்ளிகள் குறைவு. சிறிய முகத்தில் வாயை வரைய இடமில்லை. ஆதலால் மீசை வைத்தார். தலைமுடியை வரைவது கடினமாக இருந்தது, தொப்பி அணிவித்தார். குறைந்த வசதிக்குள் நிறைந்த அறிவைப் பயன்படுத்தியதே அவருடைய வெற்றி.

இன்னொன்றையும் கவனித்தோம். அந்த விளையாட்டில் பெண் என்பவள் உச்சியில் நின்று உதவிக்கு அழைப்பவள் மட்டுமே. நாம் அமைக்கும் விளையாட்டில் அவள் தானே ஏறட்டும்!

நம் பாடநூலில் ஒரு கருவி

நிரல் எழுதாமல் விளையாட்டு அமைக்கும் கருவியைத் தேடி நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலின் இறுதிப் பாடமாகிய ‘காட்சித் தொடர்பு’ என்னும் பாடத்திலேயே அது இருக்கிறது. அதன் பெயர் ஸ்கிராட்ச். இறுதிப் பாடம் ஆகையால் தேர்வு நெருக்கத்தில் வினா விடையாக மட்டும் படித்து முடிக்கப்படும் விதி அதற்கு நேர்ந்துவிடுகிறது. செய்து பார்க்க வேண்டிய பாடத்தை மனப்பாடம் செய்வது, சமையற்குறிப்பை ஒப்பித்துப் பசியாற நினைப்பதைப் போன்றதன்றோ?

ஸ்கிராட்ச் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஊடக ஆய்வகத்தில் மிட்செல் ரெஸ்னிக் என்பவரின் குழுவினரால் உருவாக்கப்பட்டு, 2007-இல் பொதுமக்களுக்கு வெளியிடப்பட்டது. இலவசமாகக் கிடைக்கிறது. கணினியில் நிறுவிக்கொண்டால் இணையம் இல்லாமலும் இயங்கும். இதற்கு மூதாதை ‘லோகோ’ என்னும் மொழி. 1967-இல் வாலி ஃபர்சைக், சீமோர் பேப்பர்ட் ஆகியோருடன் சிந்தியா சாலமன் என்னும் பெண்மணியும் சேர்ந்து, சிறுவர் சிறுமியருக்காகவே அதை உருவாக்கினர். ஆகவே, கணினிக்குக் கட்டளை இடுவது குழந்தைகளாலும் இயலும் என்னும் எண்ணம் அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட பழமை உடையது.

ஸ்கிராட்சில் கட்டளைகள் வண்ணக் கட்டைகளாக இருக்கும். ஒரு கட்டையின் அடியில் அடுத்த கட்டையைப் பொருத்த வேண்டியதுதான். பொருந்தாத கட்டைகள் ஒட்டா. ஆதலால் எழுத்துப் பிழை, குறியீட்டுப் பிழை என்ற தொல்லை இல்லை. படம் தோன்றும் இடம் அரங்கு. அதில் நடமாடுவது பாத்திரம். கட்டைகளை அடுக்குமிடம் கட்டளைப் பகுதி. இம்மூன்றையும் அறிந்தால் தொடங்கிவிடலாம்.

கதையை நம் ஊரிலிருந்தே எடுப்போம்

விளையாட்டு என்றால் அரக்கனும் வாளும் வேண்டும் என்பதில்லை. கனடாவில் வாழும் தமிழர் அபி என்பவரின் குழு 2023-இல் வெளியிட்ட ‘வெண்பா’ என்னும் விளையாட்டில், புலம்பெயர்ந்த ஒரு தமிழ்த் தாய் பழைய சமையல் குறிப்பேட்டைப் பார்த்து இட்டலியும் பிரியாணியும் சமைக்கிறாள். அடுப்படியே அங்கு அரங்கு. அது 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா விருதையும் பெற்றது. நம் வீட்டில் இருப்பதை உலகம் விரும்பிப் பார்க்கும் என்பதற்கு இது சான்று.

நெய்வேலியில் இருப்பவர்களுக்குப் படிக்கட்டு அரங்கம் ஒன்றைக் கற்பனை செய்வது எளிது. நம் திறந்தவெளிச் சுரங்கமே மாபெரும் படிக்கட்டு. பழுப்பு நிலக்கரிக்கு மேல் 50 மீட்டருக்கும் மிகுதியான மண் மூடிக் கிடக்கிறது. அதைச் செங்குத்தாக ஒரே சுவராக வெட்டினால் சரிந்துவிடும். ஆகையால் படிப்படியாக வெட்டுகிறார்கள். ஒவ்வொரு படியிலும் வாளிச் சக்கரம் கொண்ட ராட்சத இயந்திரம் நின்று மண்ணை அள்ள, கன்வேயர் பெல்ட் அதைக் கொண்டு செல்கிறது. 1957-இல் தோண்டத் தொடங்கிய பிறகு, கரி கண்ணில் பட்டது 1961-இல்தான்.

கரிக்கு அடியில் மற்றொரு செல்வம் இருக்கிறது. அது நீர். மேலிருக்கும் படுகைகளால் அழுத்தப்பட்டுக் கிடக்கும் அந்த நிலத்தடி நீர் மேல் நோக்கி முட்டிக்கொண்டே இருக்கும். அதை இரவு பகலாக இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையைப் பிளந்து வெளியே வந்துவிடும். கரியைப் பற்றிப் பேசும் அளவு நாம் இந்த நீரைப் பற்றிப் பேசுவதில்லை.

எனவே நம் விளையாட்டின் தலைவி ஒரு நீர்த்துளி. கரிக்கு அடியிலிருந்து வெளிவந்த அவள், கரிய படி, சாம்பல் நிறக் களிமண் படி, மஞ்சள் மணற்படி, செம்மண் படி என்று ஏறி, மேலே வாடி நிற்கும் முந்திரி மரத்தை அடைய வேண்டும். வெயிலில் அவள் உருவம் சிறிது சிறிதாகச் சுருங்கும். முற்றும் சுருங்குமுன் மரத்தை அடைந்தால் வெற்றி. இயந்திரத்தில் மனிதர் அடிபடுவது போன்ற காட்சியை வைக்கவில்லை. சுரங்கத்தில் உழைப்போரின் பிள்ளைகள் படிக்கும் ஊரில் அது விளையாட்டுப் பொருள் ஆகாது.

அரங்கை வரைதல்

ஸ்கிராட்ச் அரங்கின் அகலம் 480 அலகு. உயரம் 360 அலகு. நடுப்புள்ளி (0, 0). எனவே x அச்சு −240 முதல் 240 வரையிலும், y அச்சு −180 முதல் 180 வரையிலும் செல்லும். ஆயத்தொலை வடிவியலில் நாம் போடும் வரைபடத்தாள்தான் இது.

ஆறு படிகள் வரைவோம். அகலம் 480-ஐ ஆறால் வகுத்தால் ஒரு படிக்கு 80. உயரம் ஒவ்வொன்றுக்கும் 50 என்று வைப்போம். அப்படியானால் படிகளின் இடது ஓரங்கள் −240, −160, −80, 0, 80, 160 என்ற x மதிப்புகளில் வரும். அவற்றின் மேற்பரப்புகள் −130, −80, −30, 20, 70, 120 என்ற y மதிப்புகளில் வரும். இரண்டும் கூட்டுத் தொடர்வரிசைகள் என்பதைக் காண்க. இந்த ஓரங்களை இணைத்தால் ஒரே நேர்க்கோடு கிடைக்கும். அதன் சாய்வு 50/80, அதாவது 5/8.

இங்கு ஒரு குறிப்பு. படிகளைப் பின்னணிப் படத்தில் வரையாமல், ‘படிகள்’ என்ற தனிப் பாத்திரமாக வரைதல் வேண்டும். அப்போதுதான் நிறங்கள் பலவாக இருந்தாலும், “படிகளைத் தொடுகிறதா?” என்ற ஒரே கேள்வியால் துளி தரையில் இருப்பதை அறியலாம். நீர்த்துளியை 20 அலகு உயரத்தில் சிறிதாக வரைந்து, x = −220, y = −100 என்ற இடத்தில் வைப்போம். உச்சிப் படியில் முந்திரி மரம் ஒரு பாத்திரமாக நிற்கட்டும்.

கணினிக்கு விழத் தெரியாது

இனித்தான் வேலை. பச்சைக் கொடியை அழுத்தினால் துளி அந்தரத்திலேயே நிற்கும். விழாது. ஏனெனில் கணினிக்குப் புவியீர்ப்பு என்றால் என்னவென்று தெரியாது. நாம் சொல்லிக் கொடுத்தால்தான் விழும்.

விழும் பொருளின் வேகம் நொடிக்கு நொடி ஒரே அளவில் கூடும் என்று இயக்க விதிகளில் படித்திருக்கிறோம். ஸ்கிராட்ச் ஒரு நொடியில் 30 முறை படத்தைப் புதுப்பிக்கிறது. ஒவ்வொரு முறையையும் ஒரு ‘துடிப்பு’ என்போம். ‘வேகம்’ என்று ஒரு மாறியையும், தரையில் நிற்பதைக் குறிக்கத் ‘தரை’ என்று மற்றொரு மாறியையும் உண்டாக்கிக்கொள்வோம். தொடக்கத்தில் இரண்டும் 0. பின்பு ‘எப்போதும்’ என்னும் கட்டைக்குள், ஒவ்வொரு துடிப்பிலும் நடக்க வேண்டியவற்றை இவ்வரிசையில் அடுக்க வேண்டும்:

1. x-ஐ 4 கூட்டு. படியைத் தொட்டுவிட்டால் அந்த 4-ஐக் கழித்துவிடு. (சுவரில் முட்டினால் அங்கேயே நிற்கும்.)

2. திரை தொடப்பட்டிருந்து, தரை = 1 எனில், வேகத்தை 12 ஆக்கு. (இதுவே தாவல்.)

3. தரை = 0 என்று ஆக்கு.

4. y-உடன் வேகத்தைக் கூட்டு. பிறகு வேகத்திலிருந்து 1-ஐக் கழி. (இதுவே புவியீர்ப்பு.)

5. படியைத் தொட்டுவிட்டால், தொடாமல் ஆகும்வரை y-ஐ ஒவ்வொன்றாகக் கூட்டு. பிறகு வேகம் = 0, தரை = 1.

6. மரத்தைத் தொட்டால் வெற்றி.

வரிசை முக்கியம். பக்கவாட்டு நகர்வை முதலிலும் மேல்கீழ் நகர்வைப் பிறகும் தனித்தனியே சோதிக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகச் சோதித்தால், துளி சுவரில் மோதியவுடன் ஐந்தாம் கட்டளை அதைச் சுவர் உச்சிக்கு ஏற்றிவிடும். தாவாமலே மாடி ஏறும் துளியைக் கண்டு சிரிப்பு வரும். ஆனால் அது விளையாட்டு ஆகாது. ‘தரை’ மாறி இல்லாவிட்டால் அந்தரத்திலும் தாவித் தாவி வானுக்கே போய்விடும்.

வெயிலுக்குத் தனியாக ஒரு சிறு அடுக்கு போதும். ஒவ்வொரு நொடியும் துளியின் அளவில் 2 குறையட்டும். அளவு 100-இல் தொடங்கி 20-க்கு வந்தால் ஆட்டம் முடிவு. ஆக, ஏறுவதற்கு 40 நொடிகள் கிடைக்கும்.

தாவலின் கணக்கு

மேலே வேகத்துக்கு 12 என்று கொடுத்தோம். ஏன் 12? 5 கொடுத்தால் என்ன? 30 கொடுத்தால் என்ன? இக்கேள்விக்குக் கருவி விடை தராது. நாம்தான் கணக்கிட வேண்டும்.

தாவும்போது முதல் துடிப்பில் துளி 12 அலகு உயரும், அடுத்ததில் 11, அதற்கடுத்து 10. இப்படிக் குறைந்து, பன்னிரண்டாம் துடிப்பில் 1 அலகு உயரும். ஆக, மொத்த உயரம்

12 + 11 + 10 + … + 1

ஆகும். முதல் n இயல் எண்களின் கூடுதல் n(n + 1)/2 என்று படித்தோம். 12 × 13 ÷ 2 = 78. எனவே துளி 78 அலகு உயரம் தாவும். நம் படியின் உயரம் 50. தாராளமாக ஏறலாம். வேகம் 10 என்றால் உயரம் 55, மயிரிழையில் ஏறும். வேகம் 9 என்றால் 45. தலைகீழாக நின்றாலும் ஏறாது. ஒரே ஓர் எண்ணின் வேறுபாட்டில் விளையாட்டு உயிர் பெறுவதையும் இழப்பதையும் பாருங்கள்!

அடுத்து, தாவலின் நீளம். மேலே செல்ல 12 துடிப்புகள், உச்சியில் 1, கீழே வர 12. மொத்தம் 25. ஒரு துடிப்புக்கு 4 அலகு ஓடுவதால், சமதரையில் ஒரு தாவலின் நீளம் 100 அலகு. நேரம் 25/30, அதாவது ஒரு நொடியில் ஆறில் ஐந்து பங்கு.

இந்த 100-ஐ வைத்து இரண்டாவது காட்சி ஒன்று அமைக்கலாம். அது சமதரை, ஆனால் வெயிலில் நிலம் வெடித்துக் கிடக்கிறது. முதல் வெடிப்பின் அகலம் 40, இரண்டாவது 60, மூன்றாவது 80. துளியின் சொந்த அகலத்தைச் சேர்க்காமல் பார்த்தால், 40 அலகு வெடிப்பைத் தாண்ட 60 அலகு மீதம் இருக்கிறது. அது 15 துடிப்பு, அரை நொடி. அந்த அரை நொடிக்குள் எப்போது தட்டினாலும் துளி பிழைக்கும். 60 அலகு வெடிப்பில் மீதம் 40. ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு. 80 அலகு வெடிப்பில் மீதம் 20. ஒரு நொடியில் ஆறில் ஒரு பங்கு மட்டுமே. கடினம் என்று நாம் சொல்வது இந்த நேரத்தைத்தான். எளியதில் தொடங்கிக் கடியதற்கு அழைத்துச் செல்வது நல்ல ஆசிரியையின் முறை. நல்ல விளையாட்டின் முறையும் அதுவே.

வெடிப்பின் அகலத்தை 130 ஆக்கினால் என்ன ஆகும்? யாராலும் தாண்ட முடியாது. ஆடுபவருக்கோ அது தெரியாது. தன் விரல்தான் தாமதம் என்று நினைத்து மீண்டும் மீண்டும் முயன்று மனம் சோர்வார். இது ஆடுபவரை ஏமாற்றுவதாகும். ஆகையால் அமைப்பவர் தாமே தாண்டிப் பார்க்காத பள்ளத்தைப் பிறருக்கு வைக்கலாகாது. விழுந்தவரை ஆட்டத்தின் தொடக்கத்துக்கே துரத்தாமல், அந்தக் காட்சியின் தொடக்கத்துக்கு மட்டும் திருப்பி அனுப்புவதும் நியாயமே.

கைப்பேசிக்கு ஒரு விரல் போதும்

கணினியில் அம்புக்குறி விசைகள் உண்டு. கைப்பேசியில் இல்லை. திரையில் ‘ஓடு’, ‘தாவு’ என்று இரு பொத்தான்களை வரைந்தால் ஓர் இடர் வரும். ஸ்கிராட்ச் தொடுதிரையை ஒற்றைச் சுட்டியாகவே எண்ணுகிறது. இரு விரல்களின் தொடுதலை ஒரே நேரத்தில் அறியாது. ஓடிக்கொண்டே தாவ இயலாது.

இதற்காகவே நம் துளியைத் தானாக ஓட விட்டோம். திரையில் எங்கே தொட்டாலும் தாவும். ஒரு விரல் போதும். மீசையால் வாயை மறைத்த மியாமோட்டோவைப் போல, குறையையே அமைப்பின் அழகாக மாற்றிக்கொள்ளலாம். சிறு தம்பி தங்கையரும், பார்வை மங்கிய பாட்டியும்கூட ஆட முடியும் என்பது இதில் கூடுதல் நன்மை.

முடித்த விளையாட்டை ஸ்கிராட்ச் இணையத்தளத்தில் பகிர்ந்தால், அதன் முகவரியைக் கைப்பேசியில் திறந்து ஆடலாம். கணக்குத் தொடங்குவதைப் பெற்றோரின் அனுமதியுடன் செய்க. அங்கே உண்மைப் பெயரையும் பள்ளியின் பெயரையும் தரலாகாது.

ஆயத்தக் கருவிகள்

ஸ்கிராட்சுக்கு அடுத்த படியாக ‘ஜிடெவலப்’ போன்ற கருவிகள் உள்ளன. இதுவும் இலவசமாகக் கிடைப்பதே. ஃப்ளோரியன் ரிவால் என்னும் பிரெஞ்சுக்காரர் தொடங்கியது. இதில் இடப்பக்கம் நிபந்தனை, வலப்பக்கம் செயல் என்று அட்டவணை போல் நிரப்ப வேண்டும். ஒரு படத்துக்கு ‘மேடை’ என்ற குணத்தையும், மற்றொன்றுக்கு ‘மேடையில் தாவும் பாத்திரம்’ என்ற குணத்தையும் ஒட்டிவிட்டால், புவியீர்ப்பும் தாவலும் தாமாகவே வந்துவிடும். இரு விரல் தொடுதலையும் அறியும்.

அப்படியானால் முதலிலேயே அதற்குப் போகலாமே என்று தோன்றும். போகலாம், தவறில்லை. ஆனால் அங்கும் தாவும் வேகம் எவ்வளவு, ஈர்ப்பு எவ்வளவு என்று எண்கள் கேட்கும். ஒருமுறையேனும் 12-ஐயும் 78-ஐயும் தன் கையால் கணக்கிட்டவளுக்கு அந்த எண்கள் பேசும். மற்றவளுக்கு அவை வெறும் கட்டங்கள். கடையில் வாங்கிய மாவில் தோசை வார்க்கலாம். புளிப்பு ஏன் கூடியது என்று அறிய, ஒரு நாளாவது அரிசியையும் உளுந்தையும் ஊறவைத்திருக்க வேண்டும்.

பெற்றோருக்கும் தோழியருக்கும்

கைப்பேசி விளையாட்டு என்றதும் பெற்றோர் முகம் சுளிப்பது இயல்பே. படிப்பையும் உறக்கத்தையும் அது தின்றுவிடும் என்ற அச்சம் நியாயமானது. ஆனால் ஆடுவது வேறு, அமைப்பது வேறு. மேலே கண்ட விளையாட்டை அமைக்கக் கைப்பேசி தேவையில்லை. பள்ளியின் கணினி அறையும், வரைபடத்தாளும், பென்சிலும் போதும். இறுதியில் சோதித்துப் பார்க்கப் பத்து நிமிடம் வீட்டுக் கைப்பேசியைத் தந்தால் போதும்.

2025 செப்டம்பர் 7-ஆம் நாள் திருத்தந்தை பதினான்காம் லியோ புனிதராக உயர்த்திய கார்லோ அகுத்திஸ், 2006-இல் தம் பதினைந்தாம் வயதில் இறைவனடி சேர்ந்தவர். பத்தாம் வகுப்பில் இருக்கும் எங்கள் வயதுதான். அவருக்குக் கணினி விளையாட்டுகள் பிடிக்கும். ஆயினும் வாரத்தில் ஒரு மணி நேரமே ஆடுவது என்று தமக்குத் தாமே வரையறை வைத்துக்கொண்டார். நிரல் எழுதுவதைத் தாமே கற்று, நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து இணையத்தளம் ஒன்றை அமைத்தார். கருவியை வெறுக்கவும் இல்லை. அதற்கு அடிமையாகவும் இல்லை. ஆடுவதற்கு அளவு வைத்தார், ஆக்குவதற்குக் கற்றுக்கொண்டார்.

இன்று கைப்பேசியில் கிடைக்கும் விளையாட்டுகளுள் பல, தோற்றவுடன் விளம்பரம் பார்க்கச் சொல்கின்றன. அல்லது பணம் கொடுத்தால் மற்றோர் உயிர் தருவதாகக் கூறுகின்றன. அவற்றை மட்டுமே ஆடுபவள் தோல்வி தன்னுடையது என்றே நம்புவாள். ஒரே ஒரு தாவலையேனும் தானே அமைத்தவளோ வேறு கேள்வி கேட்பாள்: “இந்தப் பள்ளத்தின் அகலத்தை முடிவு செய்தவர் யார்? எதற்காக இவ்வளவு வைத்தார்?” இக்கேள்வியைக் கேட்கத் தெரிந்துகொள்வதே இப்பயிற்சியின் பெரும்பயன் என்று கருதுகிறோம்.

ஆகவே தோழியரே, காட்சித் தொடர்புப் பாடத்தை இம்முறை வினா விடையாக மட்டும் படிக்காதீர்கள். வரைபடத்தாளில் ஆறு படிகள் வரையுங்கள். தாவும் வேகத்துக்கு உங்களுக்குப் பிடித்த ஓர் எண்ணைத் தேர்ந்து, n(n + 1)/2 போட்டுப் பாருங்கள். துளி ஏறுமா என்பதைக் கணினியைத் தொடுமுன்பே உங்களால் சொல்ல முடியும்.